மையின் உள்வண்ணங்கள்

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பசுமை மிக்க ஊர். அங்குள்ள இரப்பர்த் தோட்டத்து இலையின் பச்சை, ஒரே நிறமாகவே கண்ணுக்குத் தோன்றும். ஆயினும், உதிரும் காலத்தில் அவ்விலை மஞ்சளாகிறது. பச்சையம் சிதையவே, அதனுடன் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது.

இத்தகைய மறைந்த நிறங்களைப் பிரித்துக் காட்டும் வழியை உருசியத் தாவர அறிஞர் மிகயீல் சுவெட் கண்டறிந்து, 1903ஆம் ஆண்டில் வார்சா நகரில் விளக்கினார். சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இலைச்சாறு பல வண்ணப் பட்டைகளாகப் பிரிந்தது. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மார்ட்டினும் அவர்தம் துணைவரும் தூளுக்கு மாற்றாகத் தாளைப் பயன்படுத்தினர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கிரி, வட்டத் தாளைக் கொண்டு அமினோ அமிலங்களைப் பிரித்தறியும் முறையை 1952ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்வகை முறையே தாள் வண்ணப்பிரிகை எனப்படும்.

ஊற்றுப்பேனா மைகளையும் இம்முறையால் ஒப்பிடலாம். வடிதாள் துண்டு ஒன்றின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு இடுக. மையால் கோடிட்டால் அதுவும் கரைந்து பரவும். கோட்டின்மேல் இரு கறுப்பு மைகளைச் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்து உலர்த்துக. புள்ளிகள் நனையாதவாறு தாளின் அடிமுனையைச் சிறிதளவு நீரில் நிறுத்துக. தாளின் நுண்ணிய இடைவெளிகளின் வழியே நீர் மேலேறும். நீரில் எளிதிற் கரையும் சாயம் அதனுடன் நெடுந்தூரம் செல்லும். தாளின் இழைகளைப் பற்றிக்கொள்ளும் சாயம் பின்தங்கும். கறுப்பு எனத் தோன்றிய மையிலிருந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் வெளிப்படக்கூடும். நீர் 10 சென்டிமீட்டர் ஏற, ஒரு சாயம் 6 சென்டிமீட்டர் சென்றால், அதன் அளவு 0.6 ஆகும். தாளும் நீரும் பிற நிலைகளும் மாறாதிருப்பின் இவ்வளவும் பெரிதும் மாறாது.

இது வெறும் விளையாட்டன்று. கடன்பத்திரம் ஒன்றில் 100 என்னும் எண்ணின்பின் ஒரு சுழியைச் சேர்த்தால், கடன் 1000 ஆகிவிடும். ஏழையின் நிலமே பறிபோகலாம். அச்சுழியின் மையையும் மற்ற எழுத்துகளின் மையையும் ஆய்வாளர் சிறிதளவு எடுத்துப் பிரித்துப் பார்ப்பர். ஒரே நிலையில் ஆராய்ந்தும் வண்ண வரிசைகள் தெளிவாக வேறுபடின், மைகள் வேறு எனக் கொள்ளலாம். ஆனால், வரிசைகள் ஒத்திருப்பின், இரண்டும் ஒரே பேனாவின் மை எனத் துணிதல் கூடாது. ஒரே வகை மை ஆயிரம் புட்டிகளில் விற்கப்படுகின்றதன்றோ? மைகள் வேறுபட்டாலும், எழுதியவரே இடையில் பேனாவை மாற்றியிருக்கலாம். ஆதலின், பிற சான்றுகளையும் ஆராய்ந்த பின்னரே அறிஞர் முடிவு கூறுவர்.

கண் ஒன்றெனக் காண்பதைப் பலவெனக் காட்டுவது ஆய்வு. அவ்வாய்வு காட்டுவதற்கு மேல் ஒரு சொல்லும் மிகைபடக் கூறாமையே அறிவியலின் நேர்மை. குற்றமற்றவரைக் காப்பது அந்நேர்மையே.