காதில் விழுந்த சொல் நெஞ்சில் நிற்கும் நேரம்

இறைவன் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் நினைவாற்றல் தலைசிறந்தது. நினைவு என்றதும் மனப்பாடச் செய்யுளும் வாய்ப்பாடும்தான் நமக்குத் தோன்றும். அவை நெடுநாள் நினைவில் தங்குபவை. அந்தப் பெரிய வீட்டிற்கு முன்னால் சிறிய திண்ணை ஒன்று உண்டு. காதில் கேட்ட சொல்லும் எண்ணும் முதலில் அங்கேதான் அமர்கின்றன. இதனைக் குறுகியகால நினைவு என்பர் உளவியல் அறிஞர்.

எத்தனை தங்கும்?

1887-ஆம் ஆண்டு ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் இலண்டனில் நம்மைப் போன்ற பள்ளி மாணவியரிடமே இதனைச் சோதித்தார். எண்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் செய்தார். எட்டு வயதுச் சிறுமியர் சராசரியாக ஆறு ஏழு எண்களையும், மூத்த மாணவியர் எட்டு ஒன்பது எண்களையும் சொன்னார்கள். 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர், இந்த அளவு ஏறக்குறைய ஏழு என்றார். மனத்திற்குள் சொல்லிப் பார்க்க வழியில்லாதபோது நான்குதான் தங்கும் என்று 2001-இல் நெல்சன் கோவன் எழுதினார்.

எவ்வளவு நேரம் தங்கும்?

1959-இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று எழுத்துக்களை மட்டும் கூறி, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். பதினெட்டே விநாடிகளில் அவ்வெழுத்துக்கள் பெரும்பாலும் மறந்துபோயின. நாம் ஓர் எண்ணை முணுமுணுத்துக்கொண்டே போகும்போது வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அது பறந்துவிடுவது இதனால்தான்.

1974-இல் பேட்லி, ஹிட்ச் என்னும் இருவர் இதற்கு விளக்கம் தந்தனர். கேட்ட ஒலி மங்குமுன் நம் உள்குரல் அதனை மீண்டும் சொல்லிப் புதுப்பிக்கிறது. சுமார் இரண்டு விநாடிகளில் சொல்லி முடிக்கக்கூடியதே நிற்கும். ஒரு தோழியிடம் ‘பூ, மீன், பால், கை, தேர்’ என்று சொல்லிப் பாருங்கள்; எளிதில் திருப்பிச் சொல்வாள். ‘பல்கலைக்கழகம், தொலைக்காட்சி, நெடுஞ்சாலை, மருத்துவமனை, கண்காட்சி’ என்றால் திணறுவாள். ‘கல், பல், வில், நெல், புல்’ என்றாலோ, ஒலி ஒத்திருப்பதால் வரிசை குழம்பும்.

சேர்த்துக் கட்டும் கலை

அம்பத்தூரின் அஞ்சல் குறியீடு 600053, ஆவடிக்கு 600054, பூவிருந்தவல்லிக்கு 600056. மூன்றிலும் சேர்த்துப் பதினெட்டு இலக்கங்கள்! ஆனால் 6000 என்ற தொடக்கம் பொது என்று தெரிந்தவருக்கு 53, 54, 56 மட்டுமே சுமை. பூக்களைச் சரமாகத் தொடுப்பது போன்றது இது. தொலைபேசி எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்வதும் இதற்காகவே.

நம் தமிழ்நாட்டில் இக்கலை அவதானம் என்ற பெயரில் வளர்ந்தது. பலர் மாறி மாறிக் கேள்வி கேட்பர். பாட்டின் ஈற்றடி கொடுப்பர். இடையில் மணி அடிப்பர். முதுகில் சிறு கற்களை எறிவர். அவதானி எல்லாவற்றையும் நினைவில் வைத்து விடை சொல்ல வேண்டும். இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களைக் கவனிக்கும் சதாவதானம் செய்து புகழ்பெற்றார். சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன், 1981-இல் மங்களூரில் ‘பை’ என்னும் கணித எண்ணின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாக ஒப்புவித்தார். பின்னர் அமெரிக்காவில் அறிஞர்கள் அவரை ஆராய்ந்தபோது, எண்களில் காட்டிய அதே திறனை எழுத்துக்களிலும் கதைகளிலும் அவர் காட்டவில்லை. திண்ணை எல்லோருக்கும் சிறியதே. பழகிய பொருளைக் கட்டி வைக்கும் திறன்தான் வளர்கிறது.

நாம் செய்யவேண்டியது

“மாடிக்குப் போய்த் துணியை எடு, விளக்கை அணை, கதவைத் தாழிடு, வரும்போது அக்காவைக் கூப்பிடு, பிறகு பால் வாங்கி வா” என்று தங்கையிடம் ஒரே மூச்சில் சொல்கிறோம். அவள் இரண்டை முடித்துவிட்டு விழித்து நிற்கிறாள். உடனே ‘மறதிக்காரி’, ‘சொன்னதைக் கேளாதவள்’ என்று பட்டம் சூட்டுகிறோம். உழக்கில் ஒரு படிப் பாலை ஊற்றிவிட்டுச் சிந்தியதற்கு உழக்கைக் கடிந்துகொள்ளலாமா? தினமும் இதைக் கேட்கும் குழந்தை, தான் மந்தமானவள் என்றே நம்பிவிடும். அந்தக் காயம் பதினெட்டு விநாடிகளில் மறையாது.

ஆகவே அன்புத் தோழியரே, சிறியவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் சொல்வோம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்வோம். பாட்டியின் மருந்து வேளைகளை வாயால் மட்டும் சொல்லாமல் தாளில் பெரிதாக எழுதி வைப்போம். பாடம் கேட்கும்போது பக்கத்தில் பேசாதிருப்போம். அன்றைய குறிப்பை அன்றே படிப்போம். செபமாலை சொல்லும்போது எண்ணிக்கையை மணிகளிடம் ஒப்படைத்துவிட்டு மனத்தை இறைவன்பால் செலுத்துகிறோம் அல்லவா? அதுபோல, தாளும் விரலும் சுமக்கக்கூடியதை அவற்றிடம் கொடுத்து, நெஞ்சின் சிறு திண்ணையைச் சிந்தனைக்கு விட்டுவைப்போம். மறந்தவர்களிடம் பொறுமை காட்டுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி