எத்தனாலும் எலக்ட்ரான் கணக்கும்

அன்புள்ள வாசகருக்கு,

எரிபொருள் மின்கலத்தில் மெத்தனாலுக்குப் பதிலாக, நம் கரும்பாலைகளில் கிடைக்கும் எத்தனாலையே ஊற்றினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 2024-இல் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால்தான். அதை வீட்டுச் சாதனத்துக்குள் வைக்கத் தயங்கத்தான் வேண்டும்.

லிட்டர் கணக்கில் பார்த்தால் மெத்தனாலைவிட எத்தனாலில் ஆற்றல் அதிகம். ஆனால் அதில் எவ்வளவை மின்வாயில் கறக்க முடிகிறது என்பதுதான் கேள்வி. ஒரு எத்தனால் மூலக்கூறு முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 12 எலக்ட்ரான்கள் கிடைக்கும். அதற்கு அதன் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுபட வேண்டும். 100 டிகிரிக்குக் கீழே, பிளாட்டினம் கலந்த வினையூக்கிகளால் அது பெரும்பாலும் முடிவதில்லை. வினை அசிட்டிக் அமிலத்தோடு நின்றுவிடும். கைக்கு வருவது 4 எலக்ட்ரான். அசிட்டால்டிஹைடோடு நின்றாலோ வெறும் 2.

மெத்தனாலில் ஒரே கார்பன். அறுக்க அத்தகைய பிணைப்பு இல்லை, 6 எலக்ட்ரானும் வருகின்றன. அதன் குறை வேறு: இரு மின்வாய்களையும் பிரிக்கும் சவ்வு வழியே கசிந்து மறுபக்கம் போய், ஆக்சிஜன் மின்வாயிலேயே எரிந்து மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் நிறைய நீர் கலந்தே ஊட்ட வேண்டியிருக்கிறது.

சிறு கருவிகளுக்கு என் மனம் சாய்வது ஃபார்மிக் அமிலத்தின் பக்கம். குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அதே அமிலம். 2 எலக்ட்ரான்தான் தரும். லிட்டருக்கு ஆற்றலும் மெத்தனாலில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதன் ஃபார்மேட் அயனிகளுக்கும் சவ்வின் சல்ஃபோனேட் தொகுதிகளுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்குவதால் கசிவு குறைவு; செறிவான கரைசலையே பயன்படுத்தலாம். 2002-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேசல் குழுவினர் இத்தகைய கலத்தை இயக்கிக் காட்டினார்கள். பிளாட்டினத்தில் இவ்வமிலம் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கி வினையூக்கியை அடைத்துவிடும். பலேடியத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது, நேராகக் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அந்தப் பலேடியமும் ஓட ஓடத் திறன் இழக்கிறது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல். வேதியியல் படிக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் உழைப்புக்கு உகந்த இடம் அது.

செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். செறிவான ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்