ஏறும்போது வலிக்காத முட்டி இறங்கும்போது வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு 66 வயது. வருகிற புரட்டாசியில் திருப்பதிக்குத் தனியாக நடந்து போக ஆசை. ஒத்திகையாகத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறினேன். மூச்சு வாங்கியதே தவிர முட்டி வலிக்கவில்லை. இறங்கும்போதுதான் விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு நாள் கழித்துத் தொடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. "முட்டி தேஞ்சு போச்சும்மா, கார்ல போலாம்" என்கிறான் மகன். இறங்குவது சுலபம்தானே, ஏன் வலிக்கிறது?
- ஒரு வாசகி, நூம்பல்

பதில்: முதலில் மகனுக்கு ஒரு வார்த்தை, அம்மா. முட்டி எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான உறைக்குக் குருத்தெலும்பு என்று பெயர். அதில் நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நாம் நடக்கையில் அது அமுங்கி விரியும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. ஆகவே அளவான நடை முட்டிக்கு நல்லதே. உங்கள் வயதில் எக்ஸ்ரே எடுத்தால், வலி என்றால் என்னவென்றே அறியாத முட்டியிலும் கொஞ்சம் தேய்மானம் தெரிவதுண்டு.

விஷயம் தொடையில் இருக்கிறது. முன்தொடையில் உள்ள பெரிய தசைத் தொகுதி, குவாட்ரிசெப்ஸ். ஏறும்போது அது சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும், மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது அதே தசை சுமையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. இதை எக்சென்ட்ரிக் வேலை, அதாவது நீண்டுகொண்டே பிடித்து நிறுத்தும் வேலை என்போம். கிணற்றில் குடத்தை இறக்குவதுபோல: கயிறு நழுவ வேண்டும், ஆனால் கையை விட்டுவிடக் கூடாது. மூச்சுக்கு இது சுலபம். தசை நாருக்கு அல்ல. தசை தளர்ந்தால் அந்தச் சுமை மூட்டில் 'தொப்'பென்று விழும். செயற்கை மூட்டுக்குள் உணர்கருவி வைத்து ஜெர்மனியில் அளந்து பார்த்தார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

இரண்டு நாள் கழித்து வந்த வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வார்கள். பாவம், அது ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நீண்ட நார்களில் விழுந்த நுண்ணிய கிழிசல்தான் காரணம். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். நாற்காலியில் உட்காருவதும் உடலை மெல்ல இறக்கும் வேலைதான், அதனால்தான் அங்கே மாட்டிக்கொண்டீர்கள்.

நல்ல சேதி: இந்தத் தசை ஒருமுறை அடிபட்டால் பாடம் கற்றுக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து அதே படிகளில் இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். நடுவில் வீட்டிலேயே பழகலாம். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நாலு எண்ணும்வரை ஒரு காலை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கினாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் வழியோ பெரும்பாலும் சமதரை. திருமழிசை, திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று போகும் சாலையில் முட்டிக்குப் பெரிய சோதனை இல்லை. தனியாகப் போவதில் ஒரு லாபம், இன்னொருவர் வேகத்துக்கு ஓட வேண்டாம். ஆனால் அதன்பின் திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதையின் 3,550 படிகளில் தனிமை வேண்டாம். 2023-இல் அந்தப் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. அதன்பிறகு கூட்டமாகப் போகச் சொன்ன தேவஸ்தானம், பக்தர்களுக்குக் கைத்தடியும் கொடுத்தது. சிறுத்தை அதற்குப் பயப்படுமோ என்னவோ, முட்டியின் பாரத்தைக் கைத்தடி நிச்சயம் குறைக்கும். தரிசனம் முடிந்து இறங்க பஸ் இருக்கிறது. பெருமாள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வயதானால் தாகம் எடுப்பதே குறையும். பக்கத்தில் ஆள் இருந்தால் "தண்ணி குடிங்க" என்று நினைவுபடுத்துவார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. மணிக்கொரு தரம் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டால், அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா, நடக்கும் நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.