கூதிரும் கள்ளியும்

தமிழ்நூலார் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் எனவும், மார்கழி தையை முன்பனி எனவும் வழங்கினர். கள்ளியையோ பாலைத்திணைப் பாடல்களில் வைத்துப் பாடினர். அத்தகைய வறண்ட நிலத்துச் செடியைக் கூதிரிலும் பனியிலும் வெட்டவெளியில் வைத்துக் காத்தல் கூடுமோ? யான் இதனை ஆராயப் புகுந்தது ஓர் இழப்பின் பின்னரே.

செஞ்சிக்கு அணித்தான தளவானூரில் எங்கள் இல்லத்து முற்றத்தில், காலஞ்சென்ற என் அன்னையார் வைத்த சதுரக்கள்ளி ஒன்று தொட்டியில் நின்றது. சென்ற ஆண்டு அது கொழுமையுற வேண்டுமென்று களிமண்ணும் எருவும் இட்டு, நாடோறும் நீர் வார்க்கச் செய்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சின்னாளில் அடித்தண்டு பழுப்புற்று நெகிழ்ந்தது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த எம்மூர்க் குகைக்கோயிலுக்குச் செல்லும் வழியிலோ, பாறைப் பிளவுகளில் நின்ற கள்ளிகள் பசுமை குன்றாதிருந்தன. மழையும் ஒன்றே, குளிரும் ஒன்றே. வேறுபாடு யாது?

வேறுபாடு வேரடியில் உள்ளது. வேரும் உயிர்ப்புடையது; மண்துகள்களின் இடையேயுள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகின்றது. களிமண்ணில் நீர் தேங்கின் அக்காற்று நீங்கும், வேர் நலியும், அழுகல் விளைக்கும் நுண்ணுயிர்கள் உட்புகும். குளிர்நாளிற் செடி நீரைக் குறைவாகவே உண்ணுமாதலின், மண் உலர நெடுநாட் செல்லும். பாறைச் சரிவிலோ பெய்த நீர் உடனே வழிந்தோடும். ஆகவே, குளிர் தனித்துச் செய்யாத கேட்டைத் தேங்கிய ஈரத்தோடு கூடிச் செய்கின்றது.

பிறநாட்டிலும் இவ்வுண்மை விளங்கும். சப்பாத்திக்கள்ளி நம் கள்ளியினின்றும் வேறாய அமெரிக்கக் குடும்பத்தது. அதன் இனத்துட் சிறியதொன்று கானடா தேசத்து உறைபனியிலும் வெளியிலேயே வாழ்கின்றது. குளிர் முற்றுமுன் தன் உடல்நீரைக் குறைத்துச் சுருங்கி நிலத்தோடு படிதலே அதற்குக் காவல். ஐரோப்பாவில் செம்பெர்விவம் என்னும் சதைப்பற்றுள்ள செடியை வீட்டுக் கூரைமேல் வளர்த்தல் பண்டை வழக்கம். சார்லிமேன் பேரரசர் காலத்து ஆணையேடு ஒன்றும், தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் அதனை வைத்திருக்க வேண்டுமென விதிக்கின்றது. கூரையும் ஒரு பாறைச் சரிவு போல்வதன்றோ!

ஆதலின் வளர்ப்போர் கொள்ளத்தக்கன இவை. மண் ஒரு பங்காயின், ஆற்றுமணலும் சிறு சரளையும் இரு பங்கு சேர்த்திடுக. தரையில் நடுவதாயின் ஒரு முழம் உயர மேடு கட்டிச் சரிவாக்குக. தொட்டியைச் செங்கற்களின்மேல் ஏற்றி, அடித்துளை அடைபடாது காக்க. புரட்டாசி இறுதியில் எருவையும் நீரையும் நிறுத்துக. அடைமழையில் மேலே கீற்று வேய்ந்து, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுக. சோற்றுக்கற்றாழைக்கும் இதுவே முறை. சதுரக்கள்ளியில் அழுகல் கண்டால், பழுப்புச் சிறிதுமில்லாத இடத்தில் அரிந்து, வடியும் பாலைக் கழுவி, நிழலிற் பத்து நாள் உலர்த்தி மணலில் நடுக. அப்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையுமாதலின் கையுறையும் விழிப்பும் வேண்டும்.

அன்னையார் வைத்த செடியில் ஒரு சாண் நுனியே எஞ்சியது. அதனை இவ்வாறு நட்டேன், மாசியில் வேர்கொண்டது. இவ்வாண்டுக் கூதிர் முழுதும் அது வெளியில் நின்று நனைந்தது. புதிதாய் ஒரு கிளையும் விட்டுள்ளது. யான் வார்த்த நீரெல்லாம் அன்பின் மிகுதியால் வார்த்ததே. எனினும் செடியின் இயல்பறியாத அன்பு அதனைக் காவாது என்பதை அப்பாறைக் கள்ளிகளே எனக்குக் கற்பித்தன.