பழைய நாடகப் பாட்டு கேட்கிறீர்களா?

நாடக மேடைக் கலைஞர்கள் எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் இசைத்தட்டுப் பாடல்களை ஆவடி லோக்கலில் கேட்காதீர்கள். தட்டின் கரகரப்பும் ரயில் இரைச்சலும் சேர்ந்து தலைவலிதான் மிஞ்சும். சி.டி.எச். ரோட்டில் லாரிச் சத்தம் அடங்கிய பின்னிரவே தோது.

போனின் ஈக்வலைசரில் 'ட்ரெபிள்' அளவைக் கொஞ்சம் குறையுங்கள், கரகரப்பு தணியும். அதிகம் குறைத்தால் பாட்டே மங்கிவிடும். குரல் கீச்சென்று இருந்தால் உடனே பதிவைக் குறை சொல்ல வேண்டாம். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர்கள். கிட்டப்பாவின் சுருதியே உச்சம். சந்தேகம் இருந்தால் ஒரே பாட்டை இரண்டு பதிவுகளில் ஒப்பிடுங்கள், வேகம் மாறியதால் குரல் கீச்சிடுகிறதா என்று பிடிபடும்.

அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். விடிய விடிய நடந்த நாடகம் அதில் எப்படி அடங்கும்? ஆகவே பாட்டு வரும் நாடகத்தின் கதையை, உதாரணமாக சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' கதையை, முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யார் யாரிடம் பாடுகிறார் என்பது புரிந்தால்தான் ருசி. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள், விட்டுப்போன வசனத்தை அவர்களே சொல்லக்கூடும்.