பழைய ஒயினும் உப்பு நார்த்தங்காயும்

கேள்வி: ஐயா, இங்கே ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் செய்கிறேன். போன மாதம் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், 1990 என்று லேபிள் ஒட்டிய போர்தோ சிவப்பு ஒயினைத் திறந்தார். ஒரு வாய் குடித்ததும் கண் கலங்கிவிட்டார். எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். மழை பெய்த முந்திரித் தோப்பில் மக்கிய சருகு வாசனை, பழைய தோல் செருப்பு வாசனை, அடியில் மண்டி வேறு. கெட்டுப்போன சரக்குக்கா அழுதார்? அதே ஒயினில் ஒரு பாட்டிலை எனக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை வருஷம் வைக்கலாம்?
- வாசகர், குயிலாப்பாளையம்

பதில்: கெட்டுப்போகவில்லை. சருகு, தோல், காளான், புகையிலை என்றுதான் தேர்ந்த சுவைஞர்களும் பழைய போர்தோவைப் பற்றி எழுதுகிறார்கள். நீங்கள் முந்திரித் தோப்பையும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அது அவர்கள் எழுதுவதைவிடப் பிடித்திருக்கிறது.

முந்திரிப் பழத்தைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் அந்த வகைதான். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் உள்ள டானின் தருவது அது. பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்போது டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் படிகின்றன. நீங்கள் பார்த்த மண்டி அதுதான். நிறம் செங்கல் போல் ஆகிறது, துவர்ப்பு தணிகிறது, பழ வாசனை பின்வாங்குகிறது. உப்பு நார்த்தங்காயைப் பல வருஷம் ஜாடியில் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கறுத்த பிறகு அதில் நார்த்தங்காயைவிட வேறு ஏதோதான் மணக்கும். எல்லா ஒயினும் இப்படி முதிராது. பெரும்பாலானவை சில வருஷத்தில் குடித்துவிட வேண்டியவை.

கண்ணீர் வேறு சங்கதி. காட்சியும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகின்றன. மணம் அங்கே நிற்காமல், நினைவும் உணர்ச்சியும் சுரக்கும் பகுதிகளுக்கு நேரே போய்விடும். அந்த மணத்தில் அவர் எந்த வீட்டை, யாரைக் கண்டாரோ! உங்களுக்கு அழுகை வராதது நாக்கின் குற்றமில்லை. அவருக்குப் பழம்புளி வாசனையைக் காட்டினால் அவரும் சும்மாதான் இருப்பார்.

ஐரோப்பிய ஒயின் உங்கள் கரைக்குப் புதிதுமல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் சாடிகளும் அங்கே வந்திருக்கின்றன. அந்தத் தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பது அன்றைய வழக்கம். கேட்டோ என்ற ரோமானியர் அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். மரக்காணத்து உப்பளக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: உப்புக்கரைக்கே உப்பு ஒயின் விற்றிருக்கிறார்கள்!

பாட்டிலை வைக்காதீர்கள், குடித்துவிடுங்கள். 12 முதல் 15 டிகிரியில், இருட்டில் படுத்திருக்க வேண்டியது அது. உங்கள் ஊர் மே மாதம் அதை வேகவைத்துவிடும். குடிக்கும்வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி இறங்கும். குடிக்க அரை மணி முன் வெளியே எடுங்கள். பழைய கார்க் உதிரும், பதமாக உருவுங்கள். அசைக்காமல் ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள். மீன்குழம்பு வேண்டாம், காரம் அதை அடித்துவிடும். மிளகாய் குறைத்து வறுத்த ஆட்டுக்கறி போதும். காலிக் கிளாஸை மட்டும் அன்றிரவே கழுவாதீர்கள். காலையில் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.