பட்டம் தப்பினால் காய் நிற்காது: வறண்ட ஊர் மாடித் தோட்டத்துக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். குரலே உடைந்திருந்தது. “அக்கா, பத்துப் பையில தக்காளி வச்சேன். இடுப்பு உயரம் வளந்துருச்சு, பூவும் கொத்துக் கொத்தா பூக்குது. ஒரு காய்கூட நிக்க மாட்டேங்குது. காலையில பாத்தா தரையெல்லாம் மஞ்சப் பூவாக் கிடக்கு.”

“நாத்து எப்ப நட்ட?”

“மாசிக் கடைசியில.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் பங்குனி, சித்திரையில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். ராத்திரியும் மொட்டைமாடித் தளம் ஆறாது. அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிர்ந்துவிடும். எத்தனை உரம் போட்டாலும் காய் பிடிக்காது. அவளுக்குச் சொன்னதையெல்லாம், அவளைப் போல மாடியில் நாலு பை வைத்திருக்கும் எல்லாத் தங்கச்சிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் வறண்ட சீமையில் காய்கறி வளர்ப்பதில் பாதி, பட்டம் பார்த்து விதைப்பது. மீதிப் பாதி, ஊற்றின தண்ணீரை மண்ணிலேயே நிறுத்துவது. இந்த இரண்டும் கைவந்தால் போதும்.

எந்த மாதம் எதைப் போடலாம்?

ஆடி, ஆவணி: “ஆடிப் பட்டம் தேடி விதை” என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. விதைத்த செடி வேர் பிடித்து நிமிரும்போது ஐப்பசி மழை வந்து சேரும். தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான். கத்திரி, மிளகாய்க்கு நாற்று விடு. வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கு, புடல், சுரை, பூசணி எல்லாம் நேரடியாக விதை. அவரையை மட்டும் தவறவிடாதே. நாட்டுக் கொடி அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். தையில் விதைத்துவிட்டு, “கொடி மட்டும் ஓடுது, பூவே இல்ல” என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

புரட்டாசி, ஐப்பசி: தக்காளிக்கு இதுதான் நல்ல நேரம். புரட்டாசி முதல் வாரம் நாற்று விட்டு, 25 நாளில் பிடுங்கி நடு. பூக்கும் காலத்துக்குக் குளிர் வந்துவிடும். மழையில் பைக்கு அடியில் உள்ள துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

கார்த்திகை, மார்கழி: முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக். இவற்றுக்குக் குளிர்ச்சி வேண்டும். கோடையில் கொத்தமல்லி போட்டால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும்.

தை, மாசி: வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, சுரை, பீர்க்கு. கத்திரிச் செடி பழசாகிவிட்டால் பிடுங்காதே. ஒரு சாண் விட்டுக் கவாத்து பண்ணி, கைப்பிடி மண்புழு உரம் போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும்.

சித்திரை, வைகாசி: புதிதாகப் பெரிய ஆசை வைக்காதே. கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை மூன்றும் வெயிலைத் தாங்கும். பொன்னாங்கண்ணியை நிழலில் வை. மற்றப் பைகளின் மண்ணைக் கொட்டிக் காயவைத்து, ஆடிக்குத் தயார் பண்ணு.

பையில் என்ன மண்?

கரிசல் மண்ணைத் தனியாகப் பையில் நிரப்பாதே. நனைந்தால் களி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண், மக்கின தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேர். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து, பத்து நாள் ஈரமாக ஆறவிட்டு அப்புறம் விதை. பையைத் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வை. வேர் வேகாது, தளமும் கெடாது.

தண்ணீர்தான் கணக்கு

விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். ஊற்றுவதென்றால் காலை ஏழு மணிக்குள் ஊற்று. அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலமும் கொஞ்சம் கொடு. மத்தியானம் மாடித் தொட்டிக் குழாயில் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர். அதை அப்படியே செடிக்குப் பிடித்துவிடாதே. வாளியில் பிடித்து ஆறவிடு.

மூடாக்கு கட்டாயம். காய்ந்த இலை, கரும்புச் சோகை, கடலைத் தோல், எது கிடைக்கிறதோ அதை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் பரப்பு. போன சித்திரையில் ஒரு மத்தியான வேளை, என் வெண்டைப் பையில் சோகையை விலக்கிப் பார்த்தேன். தளத்தில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில். உள்ளே மண் கறுத்து, கைக்குச் சில்லென்று இருந்தது. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. பக்கத்திலேயே மூடாக்கு இல்லாத பை மண் பொரிந்து, பையின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. இரண்டுக்கும் காலையில் ஊற்றியது ஒரே அளவு தண்ணீர்.

தரையில் பாத்தி இருந்தால் பானைப் பாசனம் செய். வர்ணம் பூசாத மண்கலயம் ஒன்றைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடு. கலயத்தின் சுவர் வழியாக ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். சுற்றி நாலு சுரை, பூசணி விதை ஊன்றலாம். ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தாலும் செடி வாடாது.

அரிசி, பருப்பு கழுவின தண்ணீரை வீணாக்காதே. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை மட்டும் பைக்கு ஊற்றாதே; அதில் உப்பு கூடுதலாக இருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். மழை பெய்யும்போது பைகளைத் திறந்த வெளியில் வைத்து நன்றாக நனையவிடு. அந்த உப்பு கரைந்து அடித்துளை வழியாகப் போய்விடும்.

பிஞ்சு வெம்பி விழுகிறதா?

சுரை, பீர்க்கு, பூசணி, பாகல் கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. மாடிக்குத் தேனீ குறைவாக வந்தால் மகரந்தத்தை நீயே தொட்டுவிடு. காம்பில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. வெறும் காம்போடு இருப்பது ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்கும். பூசணியும் பாகலும் விடிகாலையில். நேரம் தப்பினால் தொட்டும் பயனில்லை.

பூச்சி வந்தால்

அசுவினி, மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளி. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அதற்கு மருந்து இல்லை. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடு, மற்றவை பிழைக்கும்.

தங்கச்சிக்குக் கடைசியாகச் சொன்னது இது: தக்காளியை எடுத்துவிட்டு, அதே பத்துப் பையில் மண்ணைக் கிளறிக் கொத்தவரை விதை. 45, 50 நாளில் பொரியலுக்குப் பறிக்கலாம். ஆடி பிறந்ததும் அவரை, பூசணி, கத்திரிக்கு விதை எடு. புரட்டாசியில் தக்காளி நாற்று விடு. பொங்கலன்று காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு நீ மாடிக்குத்தான் போக வேண்டும். அன்றைய குழம்புக்கு வேண்டிய அவரையும் கத்திரியும் பூசணியும், பூ உதிர்கிறது என்று நீ கவலைப்பட்ட அந்தத் தக்காளியும், அங்கே உனக்காகக் காய்த்து நிற்கும்.